ஒரு பாட்டுக்கு எத்தனை அலமாரி?

வாஷிங்டனில் இருக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்தில் ஒரே ஒரு பாட்டுக்கு 3,049 ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஒரே தட்டின் 3,049 பிரதிகள் என்று நினைக்க வேண்டாம். வெவ்வேறு பாடகர்களும் குழுக்களும் வெவ்வேறு காலங்களில் பாடியோ வாசித்தோ விற்பனைக்கு வெளியிட்ட 3,049 தனித்தனிப் பதிவுகள். பாட்டின் பெயர் ‘அமேசிங் கிரேஸ்’. ஆலன் சேசனாஃப் என்பவர் அவற்றைத் தேடிச் சேர்த்தார். ரேமன் எலோசுவா ஒழுங்குபடுத்தினார். 2004-இல் எல்லாம் நூலகத்துக்கு நன்கொடையாகப் போய்ச் சேர்ந்தது. இன்று அதற்குப் பெயரே சேசனாஃப்/எலோசுவா அமேசிங் கிரேஸ் சேகரிப்பு.

தேவாலயப் பாடகர் குழுவும் பங்க் ராக் இசைக்குழுவும் ராணுவ பேக்பைப் அணியும் ஒரே சேகரிப்பில் பக்கத்துப் பக்கத்தில். இதைப் பற்றிப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது பக்தியுமில்லை, இசை ஆர்வமுமில்லை. இதையெல்லாம் எந்த அலமாரியில வைப்பாங்க என்ற கேள்விதான்.

நான் நூலக அறிவியல் படித்தவன் இல்லை. தொழிற்சாலை உதிரிப் பாகங்களுக்குத் தரவுத்தளம் அமைப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே தினமும் வருகிற தலைவலி இதுதான். ஒரே போல்ட் இரண்டு இயந்திரங்களுக்குப் பொருந்தும். ஆனா ஸ்டோர்ல அதை வைக்க ஒரு பெட்டிதான் இருக்கு. எந்த இயந்திரத்தின் பெட்டியில் வைப்பது? எதில் வைத்தாலும் இன்னொரு இயந்திரத்துக்காரர் வந்து தேடிப் பார்த்துவிட்டு “இல்லை” என்று போய்விடுவார். போல்ட் இருக்கும், ஆனா இல்லாத மாதிரிதான்.

பாட்டுக்கும் இதே கதை.

எண்ணுக்குள் ஒரு சுவர்

1876-இல் மெல்வில் டியூவி வெளியிட்ட தசமப் பகுப்பு முறை இன்று உலகெங்கும் பொது நூலகங்களில் பயன்படுகிறது. நம்ம ஊர் நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணும் அந்த முறையில் வந்ததுதான். மதம் 200. இசை 780. மதம் பற்றிய புத்தகமும் இசை பற்றிய புத்தகமும் தனித்தனி மூலையில் இருப்பதில் சிக்கல் இல்லை. இசைக்குள் போன பிறகுதான் சிக்கல் வருகிறது. பழைய பதிப்புகளில் 783 என்றால் சமய இசை, 784 என்றால் குரலிசை. சாமி பாட்டும் குரலால்தானே பாடப்படுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. 1989-இல் வந்த 20-ஆம் பதிப்பில் இசைப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினார்கள். அப்போதும் அந்தச் சுவர் போகவில்லை, இடம் மட்டும் மாறியது. சமயப் பாடல்களுக்கு 782.25, சமயம் சாராத பாடல்களுக்கு 782.42. வெகுஜனப் பாடல்கள் இந்த இரண்டாவது எண்ணுக்குக் கீழே வருகின்றன.

இதைக் குறை சொல்லி என்ன செய்வது? அலமாரி மரத்தால் ஆனது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. நூலகர் ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஆனால் அந்த முடிவு வெறும் இட ஒதுக்கீடாக நின்றுவிடுவதில்லை. ‘இது வழிபாடு, இது பொழுதுபோக்கு’ என்ற தீர்ப்பும் அதில் ஒட்டிக்கொள்கிறது. வாசகர் அந்தத் தீர்ப்போடுதான் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

‘அமேசிங் கிரேஸ்’ அந்தத் தீர்ப்புக்கு அடங்காத பாட்டு. ஏன் அடங்கவில்லை என்பதற்கு அதன் வரலாறே பதில்.

கதையும் வருடங்களும்

பாட்டை எழுதியவர் ஜான் நியூட்டன் (1725–1807). அவரைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் கதை கேட்க அழகாக இருக்கும். அடிமைக் கப்பலின் தலைவன். நடுக்கடலில் புயல். உயிர்பயத்தில் கடவுளைக் கூப்பிட்டான். பிழைத்தான், மனம் மாறினான், அடிமை வணிகத்தை விட்டான், இந்தப் பாட்டை எழுதினான்.

வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை உடைகிறது. புயல் அடித்தது 1748 மார்ச் மாதம். அடிமைக் கப்பல்களுக்கு அவர் தலைவரானது அதற்குப் பிறகுதான். 1750-க்கும் 1754-க்கும் இடையில் மூன்று பயணங்கள். கடல் வாழ்க்கையை நிறுத்தியதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனதால். 1764-இல் ஓல்னி என்ற சிற்றூரில் குருவானார். 1773 ஜனவரி 1 அன்று செய்த பிரசங்கத்தையொட்டி இந்தப் பாட்டை எழுதினார். கவிஞர் வில்லியம் கூப்பரோடு சேர்ந்து தொகுத்த ‘ஓல்னி ஹிம்ஸ்’ நூலில் 1779-இல் அது அச்சானது. அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் சிறுநூல் வெளியிட்டது 1788-இல். புயலுக்கும் அந்தச் சிறுநூலுக்கும் நடுவே 40 வருடங்கள்.

மனமாற்றம் என்பது ஒரு ராத்திரியில் நடந்து முடிவதில்லை என்று இதைப் படிக்கலாம். கடவுள் நம்பிக்கை வந்த பிறகும் ஒருவர் மனிதர்களைச் சங்கிலியில் கட்டி விற்கலாம் என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லி ஆறுதல் அடைவது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த விஷயம் இன்னும் வியப்பானது. ‘ஓல்னி ஹிம்ஸ்’ நூலில் சொற்கள் மட்டும்தான், மெட்டே கிடையாது. அடிக்கு 8, 6, 8, 6 அசை என்பது ஆங்கில ஞானப்பாட்டுகளில் மிகப் பொதுவான அளவு. அந்த அளவில் எழுதிய பாட்டை அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். நம்மில் ஒரே சிந்து மெட்டுக்குப் பல ஊர்ச் சாமிகளைப் பற்றி எழுதிப் பாடுவார்களே, அப்படித்தான்.

இன்று உலகம் முணுமுணுக்கும் மெட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. யார் போட்டது என்று தெரியாது. 1829-இல் ‘கொலம்பியன் ஹார்மனி’ என்ற தொகுப்பில் வேறு பெயர்களில் அச்சாகியிருக்கிறது. நியூட்டனின் சொற்களையும் அந்த மெட்டையும் ஒன்றாக அச்சிட்டவர் தென் கரோலினாவைச் சேர்ந்த வில்லியம் வாக்கர். 1835-இல் வந்த அவருடைய ‘சதர்ன் ஹார்மனி’யில் மெட்டின் பெயர் ‘நியூ பிரிட்டன்’. அந்தப் புத்தகத்தில் சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று நாலு வடிவங்களில் அச்சிட்டிருந்தார்கள். இசை படிக்காத விவசாயக் குடும்பங்களும் வடிவத்தைப் பார்த்துப் பாடிவிடலாம். சொற்களும் மெட்டும் சேர்வதற்கு 28 வருடங்களுக்கு முன்பே நியூட்டன் இறந்துவிட்டார்.

இன்னொன்று. பத்தாயிரம் வருடங்களைப் பற்றிப் பேசும் கடைசிச் சரணத்தை நியூட்டன் எழுதவே இல்லை. அது வேறொரு பாட்டைச் சேர்ந்தது. 1852-இல் வந்த ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் அடிமை டாம் இந்தப் பாட்டின் சரணங்களோடு அதையும் சேர்த்துப் பாடுகிறார். 1910-இல் எக்செல் என்பவர் தன் தொகுப்பில் அதை இந்தப் பாட்டின் முடிவாகச் சேர்த்தார். அப்புறம் அதுதான் வழக்கமாகிவிட்டது.

ஆக, சொல் ஒரு முன்னாள் அடிமை வணிகருடையது. மெட்டு பெயர் தெரியாதவருடையது. முடிவு வேறொரு பாட்டிலிருந்து வந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் தேவாலயங்களில் இதைத் தங்கள் சொந்தப் பாட்டாக்கினார்கள். இதுல எதை மூலம்னு சொல்றது?

ஏன் இந்தப் பாட்டு?

ஞானப்பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இத்தனை பதிவுகள்? நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு பதில் சொல்வார்கள். அதோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. ஆனால் தரையில் நிற்கும் காரணங்கள் இரண்டு இருக்கின்றன.

முதல் காரணம் காசு. சொல்லுக்கும் மெட்டுக்கும் காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், எழுதியவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை. அதோடு, தான் செய்த இசை அமைப்புக்கு ‘மரபுப் பாடல், ஒழுங்கமைப்பு இன்னார்’ என்று பெயர் போட்டு அந்தப் பங்கையும் பாடகரே வாங்கிக்கொள்ளலாம். ஆல்பத்தில் ஒரு பாட்டு குறைகிறது என்றால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இது இருந்தது.

இரண்டாவது காரணம் மெட்டின் கட்டுமானம். மொத்தம் ஐந்து சுரங்கள்தான். நம் கணக்கில் ச, ரி, க, ப, த. அதாவது மோகன ராகத்தின் சுரங்கள். சுர வரிசை மட்டுமே ராகமாகிவிடாது என்பது தெரியும். ஆனாலும் முதல் தடவை கேட்கிற தமிழ்க் காதுக்கும் இது அந்நியமாக ஒலிக்காததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து சுர மெட்டு ஸ்காட்லாந்து பேக்பைப்பில் உட்காரும், புளூஸ் கிதாரில் உட்காரும், பயிற்சி இல்லாத சபையின் தொண்டையிலும் உட்காரும். எந்த இயந்திரத்திலும் பொருந்துகிற போல்ட்.

இதன் முதல் ஒலிப்பதிவு 1922-இல் வந்தது. பாடியது நாலு வடிவ முறையில் பாடும் சேக்ரட் ஹார்ப் குழு. மஹாலியா ஜாக்சன் 1947-இல் பதிவு செய்தார். 1969-இல் உட்ஸ்டாக் மேடையில் ஆர்லோ கத்ரி பாடினார். 1970-இல் ஜூடி காலின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால்ஸ் சாப்பலில் இசைக்கருவி இல்லாமல் பாடிப் பதிந்தது பாப் தரவரிசையில் ஏறியது. 1972-இல் ராயல் ஸ்காட்ஸ் டிரகூன் கார்ட்ஸ் என்ற ராணுவப் பிரிவின் பேக்பைப் பதிவு பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. 1999-இல் டிராப்கிக் மர்ஃபிஸ் அதைப் பங்க் ராக்காக வெளியிட்டது. இவற்றில் எது 782.25, எது 782.42?

சுவரைத் தாண்டியவர்கள் கொடுத்த விலை

சுவர் நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் இது வெறும் அலுவலகச் சிக்கல். கறுப்பின அமெரிக்க இசைக்கலைஞர்களுக்கு அது வயிற்றுப்பாட்டில் இருந்தது.

தாமஸ் டார்சி 1928-இல் டாம்பா ரெட் என்பவரோடு சேர்ந்து இரட்டை அர்த்த புளூஸ் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து பெரிய வெற்றி கண்டவர். அப்போது அவருக்கு ‘ஜார்ஜியா டாம்’ என்று பெயர். 1932-இல் மனைவியும் பிறந்த குழந்தையும் இறந்த துக்கத்தில் அவர் எழுதிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ கறுப்பினத் தேவாலயங்களின் பொதுச்சொத்தானது. கையில் இருந்த புளூஸ் இசையை அவர் தூக்கிப்போடவில்லை, அதையே வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் பல சபைகள் அந்த இசையை உள்ளே விடவில்லை.

சிஸ்டர் ரோசெட்டா தார்ப் எதிர்த் திசையில் போனார். கையில் கிதாரோடு 1938-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடை ஏறினார். தேவாலயத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இரவு விடுதியில் ஞானப்பாட்டு பாடுவதை எப்படித்தான் ஏற்பார்கள்? பின்னாளில் ராக் அண்ட் ரோல் கலைஞர்கள் பலர் தங்களுக்கு வழிகாட்டியாக அவரைச் சொன்னார்கள்.

சோல் ஸ்டிரர்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவின் முன்னணிப் பாடகர் சாம் குக், தன் முதல் பாப் இசைத்தட்டில் ‘டேல் குக்’ என்று பெயர் போட்டுக்கொண்டார். ரசிகர்கள் கோபிப்பார்களே என்ற பயம். பெயரை மாற்றலாம், குரலை மாற்ற முடியுமா? கேட்டவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில் 1972 ஜனவரி 13, 14 தேதிகளைப் பார்க்க வேண்டும். பாப் உலகின் உச்சியில் இருந்த அரீதா ஃபிராங்ளின், லாஸ் ஏஞ்சலஸின் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடினார். ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பியானோவில். அரீதாவின் அப்பா, போதகர் சி. எல். ஃபிராங்ளின், கூட்டத்தில். ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் வந்திருந்தார். ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பெயரில் வந்த அந்த ஆல்பம் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. பாப் பாட்டுக்குப் போன பெண் கோயிலுக்குத் திரும்பி வந்தாள் என்று சிலர் சொன்னார்கள். அவள் கோயிலை விட்டுப் போனதே இல்லை என்பது அப்பாவின் கட்சி.

நிகழ்ச்சியைப் படம் பிடித்தவர் இயக்குநர் சிட்னி போலக். ஒவ்வொரு காட்சி தொடக்கத்திலும் அடிக்க வேண்டிய கிளாப்பர் பலகையை அவர் குழு அடிக்கவில்லை. படச்சுருள் ஒரு பக்கம், ஒலிநாடா ஒரு பக்கம். எந்த உதட்டசைவுக்கு எந்த ஒலி என்று பொருத்த முடியாமல் படம் கிடப்பில் போனது. பல பத்தாண்டுகள் கழித்து கணினி உதவியால்தான் பொருத்தினார்கள். அதன் பிறகும் அரீதா வழக்குப் போட்டு வெளியீட்டைத் தடுத்தார். அவர் இறந்த பிறகு, 2018-இல்தான் படம் திரைக்கு வந்தது. ஒரு மரப்பலகையின் ‘டப்’ சத்தம் இல்லாததால் ஒரு வரலாற்றுப் பதிவு இத்தனை வருடம் ஊமையாகக் கிடந்தது. தரவு சேமிக்கிறவர்கள் இந்தக் கதையை மறக்கக்கூடாது. பொருள் இருந்தால் மட்டும் போதாது. எது எதோடு சேரும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி

இப்போது அந்த 3,049-க்குத் திரும்பலாம். மதமா, பொழுதுபோக்கா என்று அலமாரி கேட்கும் கேள்வியைச் சேசனாஃப் கேட்கவே இல்லை. அவர் கேட்டது, இது அந்தப் பாட்டுதானா? ஆமாம் என்றால் சேர்த்துக்கொண்டார். தரம் பார்க்கவில்லை, பக்தி பார்க்கவில்லை. அப்படிச் சேர்த்ததால்தான் ஒரு பாட்டு எப்படிக் கைமாறியது, யார் யார் அதைத் தன்னுடையது என்றார்கள் என்பதை ஒரே இடத்தில் கேட்க முடிகிறது. நல்ல பதிவுகளை மட்டும் பொறுக்கியிருந்தால் ஒரு ரசிகரின் விருப்பப் பட்டியல்தான் கிடைத்திருக்கும்.

அந்த நூலகத்தின் ஒலிப்பதிவுகளையும் திரைப்படங்களையும் பாதுகாக்கும் பேக்கர்ட் வளாகம் 2007-இல் வர்ஜீனியாவின் கல்பெப்பர் ஊரில் தொடங்கியது. பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தாலும் நாட்டில் பணப்புழக்கம் நிற்கக்கூடாது என்று அமெரிக்க மத்திய வங்கி நோட்டுக் கட்டுகளைப் பதுக்கி வைத்திருந்த நிலத்தடி அறை அது. இப்போது அங்கே பாட்டுகள்.

இதிலும் ஒரு கசப்பு உண்டு. பாட்டுக்குக் காப்புரிமை இல்லை, பதிவுகளுக்கு உண்டு. 2018-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, 1923-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமை ஆயின. அதனால் மிச்சமுள்ள ஆயிரக்கணக்கான பதிவுகளை அப்படியே இணையத்தில் திறந்துவிட முடியாது. பட்டியலைப் பார்க்கலாம், கேட்க வேண்டுமானால் நேரில் போக வேண்டும்.

நம் பெட்டியில்

மலேசியாவில் நமக்கு இந்தக் கேள்வி புதியது இல்லை. டி.எம்.எஸ். என்ற ஒரே குரல் கதாநாயகனுக்காகவும் பாடியது, முருகனுக்காகவும் பாடியது. எல்.ஆர். ஈஸ்வரியின் சினிமாப் பாட்டும் அம்மன் பாட்டும் ஒரே பசார் மாலாம் கடையில் ஒரே மேசையில் கேசட்டாகக் கிடந்தன. நாகூர் ஹனிபா இஸ்லாமிய பக்திப் பாட்டும் பாடினார், திராவிட இயக்கப் பாட்டும் பாடினார், சினிமாவிலும் பாடினார். இந்துக்கள் வீட்டிலும் அவர் கேசட் இருந்தது. அவரை எந்த எண்ணில் வைப்பது? மதத்திலா, அரசியலிலா, சினிமாவிலா?

கேசட் விற்ற மேசை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நூலகம் கேட்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கேட்பதற்குப் பொருள் முதலில் அங்கே போய்ச் சேர வேண்டுமே. 1986-இல் வந்த நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், மலேசியாவில் வெளியிடப்படுகிற நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் தேசிய நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறது. நாம் கேட்டு வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை சென்னையில் வெளியானவை. அவை அந்தச் சட்டத்துக்குள் வராது. அவை இந்த நாட்டுத் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியிலும் தைப்பூசப் பந்தலிலும் என்னவாக வாழ்ந்தன என்பது எந்த நாட்டுச் சட்டத்துக்குள்ளும் வராது.

சேசனாஃப் நூலகர் இல்லை, அவருக்கு யாரும் உத்தரவு போடவும் இல்லை. ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு விடாமல் சேர்த்தார். இன்னொருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதினார். நூலகம் வாங்கிக்கொண்டது. நம் வீட்டு அலமாரிக்குக் கீழே பிஸ்கட் டின்னில் கிடக்கும் கேசட்டுகளுக்கும் ஆரம்பம் இவ்வளவுதான் தேவை. பாடியவர் பெயர், கம்பெனி, தட்டு எண், எந்த ஊர்க் கடையில் வாங்கியது, எந்த விசேஷத்துக்குப் போட்டது. ஐந்து கட்டங்கள். ‘பக்தியா, சினிமாவா’ என்ற ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடலாம்.